பி.காம் இன்டர்நேஷனல் பிசினஸ் எடுக்கலாமா, சாதாரண பி.காம் போதுமா?

பிளஸ் டூ காமர்ஸ் முடித்துவிட்டு, கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இந்தப் படிப்பு கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் டாகுமென்டேஷன் பார்க்கிறேன். கணக்கையும் பேப்பர்களையும் பொறுமையாகப் பார்க்கிற ஆள் என்றால் தாராளமாகச் சேருங்கள். வெளிநாடு போகலாம் என்ற ஆசை மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் கைக்கு வருவது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்வது), பி.எல். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தருகிற பில் ஆஃப் லேடிங்). எல்சி ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; எல்சி என்றால், பேப்பர் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குகிற பையரின் வங்கி கொடுக்கிற உறுதி. வங்கி சரக்கைப் பார்ப்பதே இல்லை, பேப்பரைத்தான் பார்க்கும். எல்சிக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-லேயே அப்படித்தான் இருக்கிறது. பேப்பர் போய்ச் சேர்ந்தபின் 5 வங்கி வேலை நாட்களுக்குள் சரியா, தப்பா என்று சொல்லிவிடுவார்கள். எல்சியில் தூத்துக்குடி துறைமுகம் என்று இருந்து, பி.எல்லில் சென்னை என்று வந்துவிட்டால், துணி எவ்வளவு தரமாக இருந்தாலும் பணம் நின்றுபோகும். பையர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நூல் கொடுத்தவரும் சாயப்பட்டறைக்காரரும் அதுவரை பொறுப்பார்களா?

விலை சொல்வதும் அப்படித்தான். எஃப்ஓபி என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை நம் பொறுப்பு. சிஐஎஃப் என்றால் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நம் தலையில். 2023 கடைசியில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக, வாடகை எகிறியது. முன்கூட்டியே சிஐஎஃப் விலை ஒத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவ்வளவும் லாபத்தில் கை வைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரே ஆடிப்போனது. எங்கேயோ நடக்கிற ஒன்று நம் ஊர்த் தையல் மெஷின் வரைக்கும் எப்படி வருகிறது என்று யோசிக்கப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் இந்தப் படிப்பு உங்களுக்கு இனிக்கும். எனக்கு இன்றைக்கும் இந்த வேலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, இந்தத் துறைக்கு வர இந்தப் பட்டம் கட்டாயமா? இல்லை. சொந்தமாக ஏற்றுமதி செய்ய மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் (டிஜிஎஃப்டி) தருகிற ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி-இறக்குமதியாளர் குறியீடு, வேண்டும். பான் கார்டு, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, 500 ரூபாய் கட்டணம். என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. டெல்லியில் இருக்கிற இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கல்வி நிறுவனமான ஐஐஎஃப்டியில் பிற்பாடு எம்பிஏ இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க நினைத்தாலும், அதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத எந்தப் பட்டம் என்றாலும் சரி.

அதனால் படிப்பின் பெயரை விட்டுவிட்டு, கல்லூரியில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஏற்றுமதி டாகுமென்டேஷன், அந்நியச் செலாவணி, லாஜிஸ்டிக்ஸ், காஸ்டிங் (அடக்க விலை கணக்கிடுவது) இருக்க வேண்டும். இவற்றுக்கு இடம் கொடுக்க அக்கவுன்ட்ஸையும் வரியையும் ரொம்பக் குறைத்திருந்தால் யோசியுங்கள். ஜிஎஸ்டி ரீஃபண்டும் ட்யூட்டி டிராபேக்கும் (மூலப்பொருளுக்குக் கட்டிய கஸ்டம்ஸ் வரியைத் திரும்பப் பெறுவது) தெரியாமல் ஏற்றுமதி அலுவலகத்தில் காலம் தள்ள முடியாது. சிஏ எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சாதாரண பி.காமே நல்லது.

சேர்வதற்கு முன் அங்கே கடைசி வருடம் படிக்கிற யாரிடமாவது பேசிவிடுங்கள். ஒரு ஷிப்பிங் பில்லையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா, ஏற்றுமதியாளர்களுக்காகக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துத் தருகிற கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸிலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ பயிற்சிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் பக்கத்தில் நல்ல பி.காம் கிடைக்கிற கல்லூரியில் சேர்ந்துவிட்டு, லீவில் ஒரு புரோக்கர் ஆபீஸில் போய் உட்காருங்கள். சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை.