38 சதுர மீட்டரில் இரண்டு பேர்: ஜெர்மனியில் குடியேறுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

பதினோரு வருடத்துக்கு முன்னால் கணவர் வேலைக்காக ஷ்டுட்கார்ட் வந்தார், நான்கு மாதம் கழித்து நானும் வந்தேன். எங்கள் முதல் வீடு 38 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 410 சதுர அடி. இங்கே ‘மொப்லியெர்ட்’ என்று சொல்லும் வகை. கட்டிலிலிருந்து கரண்டி வரை எல்லாம் வீட்டுக்காரருடையது. அதில் இரண்டரை வருடம் குடித்தனம் நடத்திய தைரியத்தில்தான் இந்தப் பதில்களைச் சொல்கிறேன்.

அக்கா, ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மனைவி இரண்டு மாதத்தில் வருகிறாள். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

அனுமதி வேண்டாம் தம்பி, ஆனால் தகவல் சொல்லியாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தன் மனைவியையோ கணவரையோ கூட வைத்துக்கொள்ள இங்கே உரிமை உண்டு. ஆள் கூடினால் தண்ணீர், குப்பைச் செலவும் கூடும் என்பதால் மாதாமாதம் கட்டும் தொகையை வீட்டுக்காரர் கொஞ்சம் ஏற்றலாம். அதில் சண்டை போடாதீர்கள்.

மனைவி வந்ததும் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் ‘அன்மெல்டுங்’. இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு ஒன்று வேண்டும். அதன் ஜெர்மன் பெயரை நான் ஒரே மூச்சில் சொல்லப் பழகவே ஆறு மாதம் ஆனது. சீட்டில் மனைவி பெயரும் இருக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழையும் கையோடு கொண்டு போங்கள்.

அதைவிட முக்கியமானது தபால் பெட்டி. இங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் இருந்தால்தான் தபால் வரும். எங்கள் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு வந்த விசா கடிதம் திரும்பிப் போனது, ஐந்து வாரம் வீணானது. நம் ஊர் இனிஷியல் வழக்கத்தில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கடைசிப் பெயர் ஒன்றாக இருப்பதில்லையே! பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

முன்பணமாக நான்கு மாத வாடகை கேட்கிறார்கள். வீட்டை இன்னும் பார்க்கவில்லை.

பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முன்பணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு மூன்று மாத ‘கால்ட்’ வாடகை, அதாவது வெப்பம், தண்ணீர்ச் செலவு சேராத வாடகை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். நான்கு மாதம் கேட்கிறவர் ஒன்று சட்டம் தெரியாதவர், இல்லையென்றால் வீடே இல்லாதவர்.

ஊரிலிருந்து என்னென்ன கொண்டு வரலாம்? மிக்ஸி ஓடுமா? குக்கர்?

மிக்ஸி நன்றாக ஓடும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது. எர்த் உள்ள அடாப்டராக வாங்குங்கள்.

குக்கர் வாங்குமுன் வீட்டுக்காரரிடம் அடுப்பின் படம் கேளுங்கள். கண்ணாடிக்கு அடியில் சிவப்பாகக் கனலும் ‘செரான்’ அடுப்பு என்றால் அடி தட்டையான அலுமினியக் குக்கர் போதும். இண்டக்‌ஷன் என்றால் அது சூடே ஏறாது. காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும், கடையிலேயே ஒட்டிப் பார்த்துவிடலாம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடிதான், படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் வாய்விட்டும் கேட்டுவிடுங்கள்.

தோசைக்கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காதீர்கள். நான் இழுத்தேன். அந்த ஒரு கீறலுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். இந்த மாதிரி நஷ்டத்துக்கு ‘ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட்’ என்கிற பொறுப்புக் காப்பீடு பெரும்பாலோர் எடுப்பார்கள். வருடத்துக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் வாடகை வீட்டின் சாமான்களுக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் சுவரும் கதவும்தான் அடக்கம், சோபாவும் மேசையும் வெளியே.

நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரத் தடை இருக்கிறது. அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தது விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போகும்போது மனது வலிக்கும். பருப்பையும் சுமக்காதீர்கள். பெரிய ஊர்களில் ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகள் உண்டு. இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். மாவு பொங்க, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க உள்ளே வையுங்கள்.

தாளித்தால் வீடு முழுக்க வாசனை. அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சி இருக்கிறது, பயனில்லை.

அது பெரும்பாலும் காற்றை வெளியே தள்ளாது, கரி வடிகட்டியில் சுற்றித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். ஜன்னலை அகலத் திறங்கள், படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், குளிர்கால கோட்டை அலமாரிக்குள் வையுங்கள். புகை போகட்டும் என்று மாடிப்படிப் பக்கக் கதவை மட்டும் திறக்காதீர்கள். அக்கம்பக்கத்தோடு முதல் மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. நீங்கள்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர்.

பாதி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். இரண்டு பேர் மூச்சு, சோறு வடித்த ஆவி, அறைக்குள் காயும் துணி, எல்லா ஈரமும் இந்தச் சின்ன வீட்டில் குளிர்ந்த வெளிச்சுவரில்தான் போய்ப் படியும். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் திறக்கும்படி நாள் முழுக்கச் சாய்த்து வைப்பது உதவாது, சுவர்தான் குளிரும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை, ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தாலும் சரி. ஹீட்டரை அடியோடு அணைக்காதீர்கள். திருகில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி, அது போதும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள்.

இவ்வளவும் செய்தும் திரும்ப வந்தால் கட்டடத்தில் கோளாறு இருக்கலாம். படம் எடுத்து எழுத்தில் தெரிவியுங்கள், ஊரிலுள்ள வாடகைதாரர் சங்கத்தில் சேருங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைப்பது மட்டும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடலாமா?

மாவை சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள். ஞாயிறு முழுக்கவும், மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரையும் அமைதி நேரம். கடையும் ஞாயிறு திறக்காது, பாலையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இருவருக்கும் தனித்தனியாக ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் டிவியே இல்லை.

டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. ஒருவர் கட்டுங்கள். மற்றவர், கட்டுகிறவரின் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும்.

வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கலாமா?

ஷவர் தட்டுக்குள் அல்லது தொட்டிக்குள் நின்று குளியுங்கள். பல குளியலறைகளில் தரையில் வடிகால் கிடையாது. வழிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும்.

அக்கா, அவர் எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருகிறார். சோபா, திரைச்சீலை, தட்டு, எதுவும் என்னுடையது இல்லை. ஓட்டல் அறையில் இருப்பது போல இருக்கிறது. அழுகை வருகிறது.

தங்கச்சி, எனக்கும் வந்தது. முதல் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டும்போது பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதிருக்கிறேன்.

முதலில் அந்த வீட்டைக் கொஞ்சம் காலி செய். அவர்கள் திரைச்சீலை, காய்ந்த பூங்கொத்து, பன்னிரண்டு வைன் கிளாஸ் எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியல் எழுதிப் பெட்டியில் போட்டு அடித்தள அறையில் வை. போகும்போது திருப்பி வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நான் அப்படிக் காலி செய்த ஒரு அலமாரித் தட்டில் ஊர் வெண்கல விளக்கையும் பித்தளைச் செம்பையும் வைத்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சமையலறை எனக்குப் பழகியது.

அப்புறம், உனக்கென்று ஒரு வங்கி அட்டை, பயணச்சீட்டு, நூலக அட்டை. துணை விசாவில் வந்தவர்கள் வேலைக்குப் போகலாம், அனுமதி அட்டையிலேயே அச்சாகியிருக்கும். மொழிக்கு நகராட்சியின் ‘ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூல’ வகுப்பில் சேர். வீட்டிலிருந்து செயலியில் படிப்பதைவிட அது மேல். பாதிப் பேர் உன்னைப் போலவே எங்கிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள்.

இந்தப் பகுதியில் ‘கேர்வோக’ என்று ஒரு வழக்கம். வாரம் ஒரு குடும்பம் முறைவைத்து மாடிப்படி கூட்ட வேண்டும். முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். நான் கூட்டியது சரியில்லை என்று எதிர்வீட்டுப் பாட்டி துடைப்பத்தைப் பிடுங்கிக் கூட்டிக் காட்டினார். கோபமாக வந்தது. ஆனால் என் முதல் ஜெர்மன் உரையாடல் அதுதான். அடுத்த வாரம் அவருக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தேன், சமையல் குறிப்பு கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கெல்லாம் வருகிறார்.

குப்பையைப் போட்டுவிட்டு வருவதற்குள் கதவு தானாக மூடிக்கொண்டது. சாவி உள்ளே.

இங்கே கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, காற்றடித்தாலே பூட்டிக்கொள்ளும். பூட்டு திறப்பவரை அழைத்தால் என்ன வேலை, எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். சும்மா சாத்திய கதவுக்குப் பூட்டை உடைக்கத் தேவையில்லை. இரண்டு சாவியில் ஒன்று உங்களிடம், ஒன்று உங்கள் துணையிடம் இருக்கட்டும். துணையும் வெளியூரில் இருக்கும் நாளுக்கு மூன்றாவதாக ஒன்று, வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, எதிர்வீட்டில் கொடுத்து வையுங்கள். எங்களுடையது அந்தப் பாட்டியிடம் இருந்தது.