சுறாவோடு நீந்திவிட்டு குன்னூர் ஏறலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, குன்னூரில் தேயிலைத் தோட்டம். ஜனவரியில் நண்பரின் பாய்மரப் படகில் ஃபூக்கெட்டிலிருந்து இலங்கை வழியாக மாலத்தீவு போகிறோம். அங்கே சுறாக்களோடு ஸ்கூபா டைவ் செய்ய ஆசை. கூட வரும் மனைவிக்கோ பயம். அதற்கு முன் ஒரு சனி, ஞாயிறில் புதுச்சேரியில் பயிற்சி எடுத்துக்கொண்டு அன்று இரவே பஸ் ஏறித் திரும்பலாம் என்றிருக்கிறேன். சுறா ஆபத்தா? மலைக்காரர்கள் தனியாகக் கவனிக்க ஏதும் உண்டா?

பதில்: சுறாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் பஸ்ஸையும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த பஸ்தான் உறுத்துகிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. கரைக்கு வந்த பிறகும் அது மூச்சு வழியே மெல்ல வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறினால், கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டுவலி, மதமதப்பு, தலைசுற்றல் வரும். முற்றினால் கால் விளங்காமலும் போகலாம்.

டைவ் முடித்த கையோடு விமானம் ஏறாதீர்கள் என்று எல்லாப் பயிற்சி மையத்திலும் சொல்வார்கள். மலை ஏறாதீர்கள் என்று சொல்லக் கடற்கரைக்காரர்களுக்குத் தோன்றாது. பயணிகள் விமானத்தின் கேபின் அழுத்தம், அதிகம் போனால் 2,438 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. தொட்டபெட்டா 2,637, விமானத்தையே மிஞ்சிவிடும். ஆக, நீங்கள் வீட்டுக்குப் போவதே விமானம் ஏறுகிற மாதிரிதான்.

ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது டைவ் உலகின் பொது விதி. நான் 24 என்றே சொல்வேன். ஞாயிறு மூன்று மணிக்கு கடைசி டைவ் முடித்து ராத்திரி பஸ் பிடித்தால், விடியற்காலை ஐந்துக்கு மலைப்பாதை தொடங்கும் கல்லாறு. 14 மணி நேரம்தான் ஆகியிருக்கும். மலையில் பிறந்து வளர்ந்த உடம்பு தாங்காதா என்றால், தாங்காது. நைட்ரஜனுக்கு ஊர், உறவு தெரியாது.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். வருடங்களுக்கு முன் இதே அவசரத்தில் ஏறியபோது, பர்லியாறு பழக்கடைகளைத் தாண்டுகையில் இடது முழங்கையில் பல்வலி மாதிரி ஒரு குடைச்சல். பையைத் தூக்கியதால் வந்த சுளுக்கு என்று இன்னும் இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறினேன். வலி கூடியதும் வண்டியைத் திருப்பிக் கீழே வந்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டேன். அங்கே வாங்கிய திட்டு தனி.

அதனால் திங்கள் மாலை வரை கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு ஏறுங்கள். அப்புறம், முதல்கட்டச் சான்றிதழுக்கே மூன்று நான்கு நாள் வேண்டும். அதுவும் 18 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். வார இறுதி போதாது, லீவு போடுங்கள். போகுமுன் டாக்டரிடம் காது, நுரையீரல், இதயம் மூன்றையும் காட்டிவிடுங்கள்.

சரி, சுறா. தோட்டத்தில் காட்டெருமை நின்றால் என்ன செய்வீர்கள்? ஓடமாட்டீர்கள், கிட்டேயும் போகமாட்டீர்கள், அது போக வழி விட்டு, கண்ணை மட்டும் அதன்மேல் வைத்திருப்பீர்கள். கடலுக்கடியிலும் ஏறக்குறைய அதேதான். உலகம் முழுவதும் சுறா தானாக வந்து கடிப்பது வருடத்துக்கு 60, 70 தடவைதான். அதில் பெரும்பாலோர் அலைச்சறுக்குபவர்களும் மேல்மட்டத்தில் நீந்துபவர்களும். மாலத்தீவு 2010இலேயே சுறா பிடிப்பதைத் தடை செய்துவிட்டதால் அங்கே நிறையப் பார்க்கலாம். அங்குள்ள ஃபுவாமுலா தீவில் புலிச் சுறா உண்டு. ஆனால் மீன் துண்டு காட்டி வரவழைக்கும் டைவை உங்கள் முதல் சுறா அனுபவமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பவளத்திட்டுச் சுறாக்களோடு நாலைந்து டைவ் போய்ப் பழகிவிட்டு, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். மோதிரம், மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள். மின்னும் உலோகம் மீன் செதில் மாதிரித் தெரியும். தாலிச் செயினைக் கழற்ற மனமில்லை என்றால் வெட்சூட் என்கிற டைவ் உடைக்குள் தள்ளிவிட்டால் போதும்.

பாய்மரப் படகில் போவதால் இன்னும் இரண்டு விஷயம். தூண்டிலில் சிக்கிய மீனைப் படகின் பின்புறத்தில் கழுவுவார்கள். குடலைக் கொட்டிய இடத்தில் அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. டைவ் முடிந்த கையோடு நங்கூரச் சங்கிலியை இழுக்கிற வேலைக்கும் போகாதீர்கள். கடும் உழைப்பு குமிழியைக் கிளப்பிவிடும். கடல் குமட்டலில் வாந்தி எடுத்து உடம்பு வறண்டிருந்தாலும் அன்று டைவ் வேண்டாம்.

உங்கள் மனைவியை வற்புறுத்தாதீர்கள். தெற்கு அரி பவளத்தீவில் திமிங்கலச் சுறா வருடம் முழுக்க மேல்மட்டத்தில் திரியும். பஸ் நீளம் இருந்தாலும் மிதக்கும் நுண்ணுயிரையும் பொடி மீனையும் வடிகட்டித் தின்கிற சாது. அதைப் பார்க்க முகமூடியும் ஸ்னார்க்கல் குழாயும் போதும், சிலிண்டரே வேண்டாம். ஸ்னார்க்கல் மட்டும் செய்தவர் அன்றைக்கே விமானம் ஏறி குன்னூர் போய்விடலாம். நீங்கள்தான் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.