வாசகர் கேள்வி பதில்: சம்பளம் இருக்கு, வீடுதான் இல்லை

கேள்வி: அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவர்கள், மைனஸ் 30 டிகிரி குளிரில் காருக்குள் படுத்துத் தூங்கியதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அவ்வளவு சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு வாடகை வீடுகூடவா கிடைக்கவில்லை? (கரூர் வாசகர்)

பதில்: கிடைக்கவில்லை சார். கையில் பணம் இருந்தது, வாடகைக்கு விட ஊரில் வீடு இல்லை. வில்லிஸ்டன் என்கிற ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடா எல்லைக்குத் தெற்கே உள்ள கோதுமைச் சீமை, 2010 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 15,000-ஐக்கூடத் தொடவில்லை. அங்கே பூமிக்கடியில் பாக்கன் என்கிற பாறை அடுக்குக்குள் எண்ணெய் இருப்பது ரொம்பக் காலமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் படுக்கைவாட்டில் துளைபோட்டு, தண்ணீரையும் மணலையும் அழுத்தத்தோடு செலுத்திப் பாறையை உடைக்கிற முறை வந்த பிறகுதான் அது கட்டுப்படியானது. 2008 பொருளாதாரச் சரிவில் வேலை போனவர்கள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வண்டியேறி இங்கே வந்து குவிந்துவிட்டார்கள். 2014-இல் மாநிலத்தின் எண்ணெய் உற்பத்தி ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பீப்பாயைத் தாண்டியது.

சரி, ஆள் வந்தால் வீடு கட்ட வேண்டியதுதானே என்பீர்கள். 1980-களிலும் அங்கே இதேபோல் ஓர் எண்ணெய் அலை வந்தது. அப்போது நகராட்சி மனை பிரித்து, ரோடு போட்டு, கழிவுநீர்க் குழாயும் பதித்து வைக்க, எண்ணெய் விலை சரிந்ததும் மனைகள் காலியாகக் கிடந்தன, கடன் மட்டும் ஊர் தலையில் விழுந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குச் சட்டென்று வருமா? அதோடு குளிர்காலத்தில் மண் ஒன்றரை மீட்டர் அளவுக்குக்கூட உறைந்து இறுகிவிடும், அஸ்திவாரம் அதற்கும் கீழே போயாக வேண்டும், ஆகவே பள்ளம் தோண்ட வசதியான மாதங்களே குறைவு. கம்பெனி முகாம்களில் கன்டெய்னர் மாதிரி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்தது உண்மைதான், ஆனால் அது ஏற்கெனவே வேலை கிடைத்தவனுக்கு. வேலை தேடி வந்தவனுக்கு வால்மார்ட் கடையின் கார் நிறுத்துமிடம்தான் கதி.

கேள்வி: கேரவன் வண்டியில் குடியிருந்தவர்களும் உண்டாமே. அந்தக் குளிரை எப்படிச் சமாளித்தார்கள்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கேரவன் என்பது கோடை விடுமுறைக்குச் செய்த வண்டி, சுவர் இரண்டு அங்குல கனம் இருந்தாலே அதிகம். அடியில் காற்று புகுந்தால் முதலில் தண்ணீர்க் குழாய் உறையும். அதனால் வண்டியைச் சுற்றித் தரைவரை தெர்மாகோல் பலகையோ பிளைவுட்டோ அடைத்து, சிலர் வைக்கோல் கட்டுகளை அண்டைகொடுத்து, குழாய் முழுக்க மின்சாரத்தில் சூடாகும் பட்டையைச் சுற்றி வைப்பார்கள். கரண்ட் போனால் அந்தப் பட்டையால் பிரயோஜனமில்லை.

புரொப்பேன் கேஸ் சிலிண்டர் வேறு காலை வாரும். மைனஸ் 42 டிகிரிக்குக் கீழே புரொப்பேன் ஆவியாகாது, அதை நெருங்கும்போதே அழுத்தம் குறைந்து அடுப்பு மங்கிவிடும். அந்த மாநிலத்தில் 1936 பிப்ரவரியில் மைனஸ் 51 வரை இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்! உள்ளே விடுகிற மூச்சும் சமையல் ஆவியும் சுவரில் படிந்து பனிக்கட்டியாகும், மெத்தையின் ஓரம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்தால் விறைப்பு, இறுக்கி மூடினால் அடுப்பு எரிவதில் கிளம்பும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு. அதற்கு வாசனை கிடையாது என்பதால் தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. எஞ்சினை ஓடவிட்டுக் காரில் தூங்குவது இன்னும் மோசம், புகைக்குழாயைப் பனி மூடினால் புகை உள்ளேதான் வரும்.

கேள்வி: உள்ளூர்க்காரர்கள் நன்றாகச் சம்பாதித்திருப்பார்களே? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: நிலத்தோடு அதன் அடியிலுள்ள கனிம உரிமையும் வைத்திருந்த விவசாயிகள் கொழித்தார்கள். வாடகைக்கு இருந்தவர் பாடுதான் திண்டாட்டம். 2014-இல் அங்கே ஒரு படுக்கையறை வீடு மாதம் 2,000 டாலருக்கும் மேல். பென்ஷனை நம்பியிருந்த முதியவர்கள் பிறந்து வளர்ந்த ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. பள்ளிக்கு வாத்தியார் கிடைத்தாலும் அவர் தங்க இடமில்லை. எனக்கு எரிச்சல் தருவது இதுதான், எண்ணெய்க்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு வில்லிஸ்டனில் இப்போது வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா? (சேலம் வாசகி)

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. 2014 கடைசியில் எண்ணெய் விலை சரிந்து கூட்டம் கலைய, அதற்குள் கட்டத் தொடங்கியிருந்த அபார்ட்மென்ட்டுகள் காலியாகி வாடகையும் இறங்கியது. நான் சொன்ன அந்தக் கார் நிறுத்துமிடக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டு ஒப்பந்தம் கையில் வராமல் விமானம் ஏற வேண்டாம். ஹீட்டர் செலவு வாடகையில் சேர்த்தியா என்று கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் காரை நிறுத்துகிற இடத்தில் மின்சார பிளக் உண்டா என்றும் கேட்கட்டும், ராத்திரி முழுக்க எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடிந்தால் ஜனவரியில் வேண்டாம், மே மாதம் போகட்டும்.