வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நீங்கள் தனியாகச் சுமந்த சிரமம் எது?

கிரெடிட் கார்டு கடன். மொத்தம் ரூ.2,24,000. வசதி உள்ளவர்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. மாதம் ரூ.38,000 சம்பளம் வாங்கியவனுக்கு அது இரண்டு வருடத் தூக்கத்தைத் தின்ற தொகை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது புரிய வேண்டுமானால் முதலில் என் வீட்டைச் சொல்ல வேண்டும். விருதுநகரில் அப்பா சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. பலகை இருந்தாலும் தெரிந்த குடும்பங்களுக்குப் பற்று உண்டு. நீள நோட்டில் பெயருக்கு ஒரு பக்கம். மாதம் பிறந்ததும் தீர்த்துவிடுவார்கள். அந்த நோட்டில் கூட்டிக் கூட்டித்தான் நான் கணக்கே கற்றேன். அந்த வீட்டுப் பிள்ளை கடனில் கிடக்கிறான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

2019-இல் சென்னையில் அலுவலகத்துக்கே வந்து கார்டு கொடுத்தார்கள். மேடவாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தபோது சேமிப்பு முழுவதும் அட்வான்ஸில் போய்விட்டது. கட்டில், ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் கார்டில் வாங்கினேன். மூன்று மாதங்களில் அடைத்திருக்கக் கூடிய தொகைதான். அதற்குள் 2020 மார்ச் வந்தது, ஊரடங்கு. ஏப்ரலில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள்.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. மாதம் ரூ.10,000 வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். சம்பளம் குறைந்ததைச் சொல்லாமல் அதே பத்தாயிரத்தைத் தொடர்ந்து அனுப்பினேன், கார்டைப் போட்டு ஏடிஎம்மில் எடுத்து. பொருள் வாங்கினால் சில வாரங்கள் வட்டி இல்லாமல் அவகாசம் உண்டு. ரொக்கமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் தனி. எனக்கு அது அன்று தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மளிகைக் கடைக்கு ஊரடங்கிலும் அனுமதி இருந்தது. அப்பாவின் கடை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. என் பத்தாயிரம் இல்லாமலே அவர்கள் சமாளித்திருப்பார்கள். கேட்டிருந்தால்தானே தெரியும்.

அந்த ஆண்டு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணை கட்டுவதைத் தள்ளிப்போட அனுமதித்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும் நான் ஒப்புக்கொண்டேன். ஐந்து மாதங்களுக்கு விடுதலை என்று நினைத்தேன். தள்ளிப்போனது கட்ட வேண்டிய நாள் மட்டுமே. வட்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

பிறகு 'குறைந்தபட்சத் தொகை' என்ற பொறி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாக்கி ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். என் கார்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ரூ.3,500. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரூ.630. ஆக ரூ.4,130. குறைந்தபட்சம் ரூ.5,000 கட்டினால் போதும் என்று செய்தி வரும். கட்டினால் அசலில் குறைவது வெறும் ரூ.870. இதில் முழுப் பாக்கியும் தீராதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் அந்த வட்டியில்லா அவகாசம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பற்று நோட்டில் கணக்குக் கற்ற நான் இந்தக் கூட்டலை ஒரு மாதம்கூட உட்கார்ந்து போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். மாதம் பன்னிரண்டாம் தேதி பில் வரும். அன்று கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டு வேலை பார்ப்பேன்.

முதல் கார்டுக்குக் கட்ட இரண்டாவது கார்டு வந்தது. 2021-இல் ஒரு கடன் செயலியில் ரூ.40,000 வாங்கினேன். ஒரு தவணை தவறியதும் என் தொடர்புப் பட்டியலில் இருந்த கல்லூரித் தோழனை அழைத்து, என் பெயரைச் சொல்லிக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். அவன் என்னிடம் அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்தத் தாழ்ந்த குரலை இன்றுவரை மறக்க முடியவில்லை. இப்போது அந்த நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

அந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, வேலை அதிகம் என்றேன். அக்கா ஒவ்வொரு முறையும் போனில், "தம்பி, ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பாள். "ஒன்றுமில்லை அக்கா" என்பேன்.

2022 பங்குனிப் பொங்கலுக்குத்தான் போனேன். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் வராவிட்டால் அம்மா கிளம்பிச் சென்னைக்கே வந்துவிடுவார் என்ற நிலை. மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் அக்கா பழைய வேட்டியில் காய்ந்திருந்த வடகத்தை உரித்துக்கொண்டிருந்தாள். வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாகப் பெயர்த்து முறத்தில் போட்டாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "எவ்வளவு?"

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. "கொஞ்சம்தான்" என்றேன். "எவ்வளவு?" என்றாள் மறுபடியும். "ஒரு லட்சம் இருக்கும்" என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள். "தம்பி, எவ்வளவு?"

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். ஒரு கார்டு 1,12,000. இன்னொன்று 72,000. செயலி 40,000. அந்த மூன்று எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அழுதேன். அக்கா அழவில்லை; கீழே கோடு போட்டுக் கூட்டினாள்.

அப்பாவிடம் அன்று இரவே சொன்னாள். கடை அடைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெடுநேரம் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "பாக்கி வைத்தவர்களை நான் என்றைக்கும் தப்பாக நினைத்ததில்லை. கடைக்கு முன்னால் வந்து, இந்த மாதம் முடியவில்லை அண்ணாச்சி என்று சொன்னால் முடிந்தது. பாக்கியை வைத்துக்கொண்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள் பார், அதுதான் வலிக்கும். நீ இரண்டு நல்ல நாளைக்கு வீட்டுக்கு வரவில்லை."

அக்கா தன் ஆறு பவுனை ஒரு வங்கியில் அடகு வைத்தாள். ரூ.1,60,000 கிடைத்தது. ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி, மாதம் ரூ.1,200. அதே தொகை கார்டில் கிடந்தால் வரியோடு சேர்த்து மாதம் ரூ.6,608. செயலிக் கடனையும் முதல் கார்டையும் முழுதாக அடைத்தோம். மிச்சம் ரூ.8,000-ஐ இரண்டாவது கார்டில் கட்டிவிட்டு, மீதி ரூ.64,000-ஐ 18 மாதத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள், இத்தனை நாள் கேட்காதவன் நான்தான். பாதியைக் கட்டி 'செட்டில்மெண்ட்' செய்துகொள்ளலாம் என்று ஒருவர் தொலைபேசியில் ஆசை காட்டினார். அக்கா வேண்டாம் என்றாள். அவள் சொன்னது சரி. அப்படிச் செய்தால் சிபில் அறிக்கையில், அதாவது நம் கடன் வரலாற்றைக் காட்டும் பதிவில், கடன் 'முடிந்தது' என்று பதியாது, 'சமரசம்' என்று பதிந்து நிற்கும். பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது இடிக்கும். அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். எல்லாம் அடைத்த பிறகு வாங்கிப் பார்த்து, கணக்குகள் முடிந்ததாகப் பதிந்திருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

மேடவாக்கம் வீட்டை விட்டு இரண்டு நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கினேன். எல்லாக் கடனும் தீர இருபது மாதங்கள் ஆயின.

நகையை மீட்ட அன்று அக்காவோடு நானும் வங்கிக்குப் போனேன். முத்திரையிட்ட துணிப் பையைப் பிரித்து, வளையல்களை எண்ணி, சங்கிலியின் திருகைத் திருகிப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். படியிறங்கும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வேறு ஏதாவது இருக்கிறதா, தம்பி?"

"ஒன்றுமில்லை அக்கா" என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை.