மாதம் 600 கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு?

கேள்வி: காட்பாடியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீடு சத்துவாச்சாரி. தினமும் போய்வர 16 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. நானேதான் ஓட்டுவேன். இரண்டு பழைய கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2020 மாடல் பி.எஸ். 6 டீசல், பெங்களூரு பதிவு, 45,000 கி.மீ. ஓடியது, 6.20 லட்சம். இன்னொன்று 2018 ஸ்விப்ட் பெட்ரோல், வேலூர் பதிவு, 72,000 ஓடியது, 5.10 லட்சம். டீசல்தான் லாபம், அதுவும் குறைவாக ஓடிய வண்டி என்கிறான் என் தம்பி. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி சொல்வது பழைய கணக்கு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்குவதற்கு முன்பு அது சரியாக இருந்தது. இப்போது இரண்டுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

உங்கள் ஓட்டத்தையே போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கு 400, திருவண்ணாமலைக்கு 170, கடை கண்ணிக்குக் கொஞ்சம் என்று மாதம் 600 கிலோமீட்டர். ஊருக்குள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 40 லிட்டர், நூறு ரூபாய் வீதம் 4,000. டீசல் 18 கொடுத்தால் 33 லிட்டர், 92 ரூபாய் வீதம் சுமார் 3,050. மாதம் மிச்சம் 950 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 1.10 லட்சத்தை இப்படி மீட்க கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆகும். அதற்குள் வண்டியையே மாற்றிவிடுவீர்கள்.

பணத்தை விட எனக்கு உறுத்துவது வேறு. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டி.பி.எப். என்று ஒரு கரி வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ள சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல், வேகம் குறையாமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்று, பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்து, இஞ்சின் முழுதாகச் சூடாகும்போது பள்ளி வந்துவிடும். மாதத்தில் ஒரு நாள் கண்ணமங்கலம், போளூர் வழியாக ஓடுவது மட்டும் போதாது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் விளக்கு எரியும், இழுவை குறையும். மாற்றவேண்டி வந்தால் செலவு உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தொடலாம்.

45,000 கிலோமீட்டர்தான் என்பதற்கும் மயங்க வேண்டாம். பெங்களூரு நெரிசலில் 45,000 ஓடிய வண்டியின் கிளட்ச், நம் நெடுஞ்சாலையில் 90,000 ஓடியதை விடத் தேய்ந்திருக்கலாம். போதாததற்கு அங்கே ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த அலைச்சல் தனி. விற்பவர் சொல்லும் விலையில் இதெல்லாம் சேராது.

ஆக, ஸ்விப்ட். ஆனால் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வேலூரில் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனால் முதலில் காதில் விழுவது, “டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்.” சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர், நம்பத்தான் தோன்றும். 2016-இல் நானும் அப்படி ஒரு டாக்டர் வண்டியை வாங்கினேன். உள்ளே தாழம்பூ வாசம் அடித்தது. பக்தி உள்ள டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் ஜன்னல் சுவிட்ச் போனது, அப்புறம் ஏ.பி.எஸ். விளக்கு, அப்புறம் ஒரு நாள் வாலாஜா டோல்கேட் தாண்டி வண்டி மொத்தமாக நின்றது. மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக நம் கைக்கு வராத அந்தக் கடைசி இரண்டு முழத்தில், வெள்ளை வேட்டியில் டீ சிந்தியது போலப் பழுப்புக் கோடு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி. அதன் வாசத்தை மறைக்கத்தான் தாழம்பூ.

உங்கள் ஸ்விப்ட் வேலூர் பதிவு என்பதாலேயே வேலூரில் இருந்தது என்று ஆகாது. விற்பவரின் மகன் சென்னையில் வைத்து ஓட்டியிருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே மூழ்கிய கார்கள் ஏராளம். எனவே நாலு பெல்ட்டையும் முழுக்க இழுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். சீட் அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள், பேரமே வேண்டாம்.

72,000 உண்மைதானா? கம்பெனி சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் இருக்கும். கூடவே டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நம் ஊர் வெயிலில் அவ்வளவு பழைய டயருக்குப் பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நாலும் புதிதாக வாங்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஏ.சி.யை மதியம் இரண்டு மணிக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் எல்லா ஏ.சி.யும் குளிரும்.

இஞ்சினுக்கு மட்டும் காலை நேரம். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி ஆறரைக்கே போய், முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்தில் எங்காவது டிபன் முடித்து, நன்றாக ஆறவிட்டு வந்து, உங்கள் கையாலேயே சாவியைத் திருப்புங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கலந்திருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் மேலே பேசாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் 4.80-இல் பேரத்தைத் தொடங்குங்கள். கடன் பாக்கி இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். “50 சதவீதம் நோ கிளைம் போனஸ் இருக்கு, அதுக்கும் சேர்த்துத்தான் இந்த விலை” என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள். இன்சூரன்ஸில் கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி வண்டிக்குரியது அல்ல, அவருக்குரியது, அவரோடே போய்விடும்.