சத்து மாத்திரை சாப்பிட்டால் தெளிவுக் கனவு வருமா?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘அட, இது கனவுதானே!’ என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அது தெளிவுக் கனவு. மாத்திரையால் அதை வரவழைக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும்.

அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்க நிலையில்தான் வருகின்றன. அப்போது மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நிறையச் சுரக்கிறது. இதற்காகச் சாப்பிடும் சில மாத்திரைகளில் உள்ள கேலன்டமைன் என்ற பொருள், அந்த வேதிப்பொருள் சிதையாமல் தடுக்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 121 பேர் கலந்துகொண்டார்கள். வெற்று மாத்திரை எடுத்த இரவில் 14 சதவீதம் பேருக்குத் தெளிவுக் கனவு வந்தது. கேலன்டமைன் 4 மில்லிகிராம் எடுத்த இரவில் 27 சதவீதம் பேருக்கு, 8 மில்லிகிராம் எடுத்த இரவில் 42 சதவீதம் பேருக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் சுமார் நாலரை மணி நேரம் தூங்கி எழுந்து, அரை மணி நேரம் விழித்திருந்து, ‘கனவு கண்டால் கனவென்று உணர்வேன்’ என்று மனதில் பதித்துக்கொண்டு மறுபடி படுத்தவர்கள். மாத்திரை விளக்கின் திரியைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்து பார்ப்பது நம் வேலை.

அப்புறம், வைட்டமின் பி6. அது கனவை நினைவில் வைத்திருக்க உதவலாம். தெளிவுக்கு அது வழியல்ல. அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் நரம்பு பாதிக்கும்.

‘சத்து மாத்திரைதானே, என்ன ஆகிவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். கேலன்டமைன் அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மருந்து; குமட்டலும் வரும், இதயத்துடிப்பும் குறையலாம் என்பதால் இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.