வாசகர் கேள்வி – பதில்: ரொறன்ரோ பட்டத்தைக் காத்த ஆண்டு

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கும் என் மாமா தொலைபேசியில் பேசும்போதெல்லாம், 93ஆம் ஆண்டு ஜேஸ் மாதிரி இனி ஓர் அணி வராது என்கிறார். துடுப்பாட்டம் மட்டுமே தெரிந்த எனக்கு, நடப்புச் சம்பியனாக அந்த அணி ஆடிய பருவத்தில் அப்படி என்ன சிறப்பு என்று விளக்க முடியுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் மாமாவின் பேச்சில் ஊர்ப்பாசம் கலந்திருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. ரொறன்ரோ புளூ ஜேஸ் 1992 ஒக்டோபரில் அட்லாண்டா பிறேவ்ஸை வென்று, வட அமெரிக்கப் பேஸ்போலின் ஆண்டு இறுதித் தொடரான உலகத் தொடரை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோன முதலாவது பேஸ்போல் அணி என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டும் அதே அணி வென்றது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அடுத்த ஆண்டு வென்றது அதே சீருடை அணிந்த வேறோர் அணி.

இறுதி ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்கில் (இரு அணிகளும் ஒவ்வொரு தடவை அடித்தாடும் சுற்று; வழக்கமாக ஒன்பது, சமநிலையானால் மேலும் தொடரும்) இரண்டு ஓட்டங்களைப் பெற்றுத் தந்து 1992இன் பட்டத்தை உறுதி செய்த டேவ் வின்ஃபீல்ட் மினசோட்டாவுக்குப் போய்விட்டார். பந்தெறிவாளர்களான ஜிம்மி கீ, டேவிட் கோன், ரொம் ஹெங்கி மூவரும் வெவ்வேறு அணிகளுக்குப் போனார்கள். கீ போன இடம் அதே பிரிவில் போட்டியிடும் நியூயோர்க் யாங்கீஸ் என்பதும், அங்கே அவர் அந்தப் பருவத்தில் 18 ஆட்டங்களை வென்று கொடுத்தார் என்பதும் ரொறன்ரோக்காரருக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கும். அணியில் தங்கியவர்களும் எல்லாரும் பழையபடி இருக்கவில்லை. 1992இல் தன் பெயரில் 21 வெற்றிகளைக் குவித்த பந்தெறிவாளர் ஜக் மொறிஸ், 1993இல் 7 ஆட்டங்களை வென்று 12ஐத் தோற்றார்.

அந்த இடைவெளிகளை நிரப்ப வந்தவர்களுள் முதன்மையானவர் போல் மொலிற்றர். அவரும் ஜோன் ஒலெரூட், றொபேட்டோ அலோமார் ஆகிய இருவரும் அந்த ஆண்டு, பேஸ்போலின் இரண்டு லீக்குகளுள் ரொறன்ரோ ஆடும் அமெரிக்கன் லீக்கின் அடித்தாடல் சராசரியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார்கள். ஒரே அணியினர் மூவர் இப்படி வரிசையாக நிற்பது நூறு ஆண்டுகளாக நடக்காத காரியம். ஒலெரூட்டின் சராசரி 0.363. பத்துத் தடவைக்கு மூன்று தடவை சரியாக அடித்தாலே பெரிய வீரர் என்று கொண்டாடப்படும் விளையாட்டில், அவர் ஓகஸ்ட் தொடக்கம் வரை 0.400ஐ விடாமல் பற்றிக்கொண்டு நின்றார்.

கேள்வி: நடப்புச் சம்பியன் என்பதற்காக ஏதேனும் சலுகை உண்டா?
– வாசகி, நல்லூர்

பதில்: எதுவும் இல்லை. பருவத் தொடக்கத்தில் எல்லா அணிகளோடும் சேர்ந்து பூச்சியத்திலிருந்து தொடங்கி 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். நம்மூர் வடக்கின் பெரும் சமர் ஆண்டுக்கு ஒரு தடவை மூன்று நாட்களில் முடிந்துவிடும். இங்கே ஆறு மாதங்களுக்கு ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். 1993இல் ஒவ்வொரு லீக்கிலும் இரண்டு பிரிவுகளே இருந்தன, பிரிவில் முதலிடம் பெறாவிட்டால் ஒக்டோபரில் வீட்டில்தான் இருக்க வேண்டும். செப்டெம்பர் தொடக்கத்தில் யாங்கீஸ் ரொறன்ரோவை எட்டிப்பிடித்துவிட்டது. பின்னர் ஜேஸ் விலகிச் சென்று 95 வெற்றிகளோடு முதலிடத்தில் முடித்தது.

கேள்வி: வென்று கொடுத்தவர்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களைச் சேர்ப்பது நன்றி கெட்ட செயல் அல்லவா? சிற்றோ காஸ்ரன் என்ற பயிற்றுநர் அதை எப்படிச் சமாளித்தார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: ஐயா, ஆட்களைச் சேர்ப்பதும் விடுவதும் பொது முகாமையாளர் பற் கிலிக்கின் வேலை, இருப்பவர்களை ஆடவைப்பதே காஸ்ரனின் வேலை. கிலிக்கின் கணக்குக் கல்நெஞ்சத்தனமாகத் தோன்றலாம். என்றாலும் வயதும் சம்பளமும் ஏறிக்கொண்டே போகும் ஓர் அணியைப் பாசத்துக்காக அப்படியே வைத்திருந்தால், அடுத்த பருவத்தின் நடுவில் அது தானாகவே உடைந்திருக்கும் என்பது என் எண்ணம். அதற்காக அணியைக் கலைப்பதெல்லாம் கெட்டித்தனம் ஆகிவிடாது. 1997இல் பட்டம் வென்ற புளோரிடா மார்லின்ஸ், செலவைக் குறைக்கவென்று தன் வீரர்களை விற்றுத் தள்ளி, 1998இல் நடப்புச் சம்பியனாகவே 108 ஆட்டங்களைத் தோற்றது. கிலிக் ஆட்களை மாற்றினார், மார்லின்ஸ் உரிமையாளர் கடையையே காலி செய்தார்.

காஸ்ரனின் துணிவுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பிலடெல்பியா பிலீஸுடனான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் அவர்களது மைதானத்தில் நடந்தது. பந்தெறிவாளருக்குப் பதிலாக அடித்தாட மட்டும் ஒருவரை நிறுத்தும் வசதி அப்போது அங்கே இருக்கவில்லை என்பதால், அந்த இடத்தில் ஆடிவந்த மொலிற்றருக்குக் களத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. காஸ்ரன் லீக்கின் முதல்நிலை அடித்தாடுநரான ஒலெரூட்டையே வெளியே அமர்த்திவிட்டு, மொலிற்றரை முதலாம் தளத்தில் களத்தடுப்புக்கு நிறுத்தினார். மொலிற்றர் ஒரு ஹோம் ரன் (துடுப்பாட்டத்தின் சிக்ஸர் போல, பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தார், ரொறன்ரோ 10–3 என வென்றது. தோற்றிருந்தால் அந்த நகரம் அவரை என்ன பாடுபடுத்தியிருக்குமோ! மறுநாள் மழையில் நனைந்த நான்காவது ஆட்டத்தில் 14–9 எனப் பின்தங்கியிருந்தவர்கள் எட்டாவது இன்னிங்கில் ஆறு ஓட்டங்களை எடுத்து 15–14 என வென்றார்கள். உலகத் தொடர் வரலாற்றில் அதைவிட அதிக ஓட்டங்கள் பெறப்பட்ட ஆட்டம் வேறில்லை.

கேள்வி: அதன் பிறகு ஏன் வெல்லவில்லை?
– வாசகர், மானிப்பாய்

பதில்: 1994இல் மூன்றாவது பட்டத்துக்கான வாய்ப்பு ஓகஸ்ட் 12ஆம் திகதியோடு அற்றுப்போனது. அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அந்த ஆண்டின் உலகத் தொடரே கைவிடப்பட்டது. நிறுத்தம் வராவிட்டாலும் பெரிதாக எதுவும் நடந்திராது. 55 வெற்றி, 60 தோல்வி என்ற நிலையில்தான் ஜேஸ் அப்போது நின்றது. மீண்டும் உலகத் தொடருக்கு வர 2025 ஆயிற்று. அப்போது எதிரே நின்ற லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸும் நடப்புச் சம்பியன்தான். ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்கில் ரொறன்ரோவின் வெற்றிக்கு இரண்டே ஆட்டமிழப்புகள் தேவைப்பட்ட நிலையில் டொட்ஜர்ஸின் மிகெல் றொஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமநிலையாக்க, 11ஆவது இன்னிங்கில் டொட்ஜர்ஸ் பட்டத்தைக் காத்துக்கொண்டது. கொக்குவில் வாசகர் இதைப் பற்றி மாமாவிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: நான் பாடசாலை எல்லே அணியில் ஆடுகிறேன். 1993 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தின் காணொளியில் ரொறன்ரோவின் ஜோ கார்ட்டர் அடித்துவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடுகிறார். அந்தத் துள்ளலில் தளத்தை மிதிக்கத் தவறியிருந்தால் என்ன ஆகும்?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: இதே பயம் அன்று வானொலி வர்ணனையாளர் ரொம் சீக்குக்கும் இருந்தது. எல்லாத் தளங்களையும் தொட்டுவிடு, ஜோ என்று அவர் ஒலிவாங்கியிலேயே கத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். 1993 ஒக்டோபர் 23, ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங், ரொறன்ரோ 6–5 எனப் பின்தங்கியிருக்கிறது, ஒருவர் ஆட்டமிழந்துவிட்டார். ரிக்கி ஹென்டர்சனும் மொலிற்றரும் தளங்களில் நிற்க, பிலீஸ் பந்தெறிவாளர் மிச் வில்லியம்ஸ் உள்பக்கமாகத் தாழ்த்தி வீசிய பந்தைக் கார்ட்டர் இடப்பக்கச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். இங்கே அப்போது ஞாயிறு காலை. குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட நாங்கள் இதை அறிந்தது ஆண்டுகள் கழித்துத்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்ட்டர் ஒரு தளத்தைத் தவறவிட்டு, எதிரணி முறையிட்டிருந்தால், அவர் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்திருப்பார். ஆனால் ஓர் அணியின் முறை மூன்றாவது ஆட்டமிழப்போடுதான் முடியும்; இது இரண்டாவதே என்பதால் அவருக்கு முன்னால் ஓடிய ஹென்டர்சனதும் மொலிற்றரதும் ஓட்டங்கள் செல்லுபடியாகும். 8–6 என்பதற்குப் பதிலாக ரொறன்ரோ 7–6 என வென்றிருக்கும்.